அடைவுகடையிலிருந்து வேதத்துக்குள் போன சொல் – தெரியுமா?

தாலிக்கொடியை ஒரு தடவையாவது அடைவு வைக்காத குடும்பம் யாழ்ப்பாணத்தில் எத்தனை? மகனைக் கப்பலுக்கு அனுப்ப வேண்டும், வள்ளத்துக்குப் புது இயந்திரம் போட வேண்டும், மகளுக்குக் கல்யாணம் பேசியாகிவிட்டது. கழுத்தில் கிடந்தது கடைக்குப் போகும். பிறகு கப்பலுக்குப் போன மகன் முதல் சம்பளம் அனுப்புவான். வல்வெட்டித்துறை அம்மா முதலில் என்ன செய்வாள்? ஓடிப்போய்க் கொடியை மீட்பாள்.

மீட்பாள்! இந்தச் சொல்லைக் கொஞ்சம் பிடித்து வையுங்கள். உலகத்தில் இருநூறு கோடிக்கு மேற்பட்ட கிறிஸ்தவர்களின் நம்பிக்கைக்கு அச்சாணி இந்த அடைவுகடைச் சொல்தான் என்பது தெரியுமா? தமிழில் 'மீட்பு' என்று எழுதுகிறோமே, அதற்குக் கிரேக்க மூலத்தில் பவுல் எழுதிய சொல் 'அப்பொலுத்ரோசிஸ்'. அதற்குள் ஒளிந்திருக்கிற 'லுத்ரோன்' என்றால் விலை. சந்தையில் நிற்கும் அடிமைக்கும் போரில் பிடிபட்ட கைதிக்கும் காசு கட்டி வெளியே எடுப்பது. இலத்தீனுக்குப் போனாலும் அதே கதை, திரும்ப வாங்குவது என்றுதான் பொருள். கோயில், பூசை, தவம் எதுவும் இல்லை. பச்சையான கொடுக்கல் வாங்கல்!

அந்தக் கோட்பாட்டை நம்மூர்க் கணக்கில் சொன்னால் இப்படி வரும். மனிதன் பட்ட கடனுக்கு வட்டி கட்டவே வழியில்லை, முதலை எங்கே கட்டுவது? கடனே படாத ஒருவர் வந்து முழுவதையும் தன் உயிரால் கட்டினார். கட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை, யாருக்காகக் கட்டினாரோ அவனுக்குத் தகுதியும் இல்லை. அது கிருபை. கடன்காரன் செய்ய வேண்டியது கையை நீட்டி வாங்கிக்கொள்வது மட்டும். அது விசுவாசம். இவ்வளவுதான்! இதற்குள் எங்கே நம் பங்கு, எவ்வளவு நம் பங்கு என்ற ஒரே கேள்விக்காக ஐரோப்பா நூறு வருஷத்துக்கு மேல் வெட்டிக்கொண்டும் குத்திக்கொண்டும் கிடந்தது.

சரி, கிரேக்கத்துக்கு முன்னால் எபிரேயத்தில் என்ன சொல்? 'கோஏல்'. மீட்பவன். யார் அவன்? நெருங்கிய இனசனம்! ஒருவன் வறுமைப்பட்டுக் காணியை விற்றால் அதைத் திரும்ப வாங்கும் உரிமையும் கடமையும் அவனுடைய கிட்டிய சொந்தக்காரனுக்கு என்று லேவியர் புத்தகத்தின் 25ஆம் அதிகாரம் சொல்கிறது. ரூத்தின் கதையில் போவாஸ் செய்வதும் இதுதான். அவனைவிடக் கிட்டிய ஒருவன் ஊர்வாசலில் வைத்துச் செருப்பைக் கழற்றிக் கொடுத்து 'எனக்கு வேண்டாம்' என்கிறான், போவாஸ் காணியை மீட்கிறான்.

இதை வாசிக்கிற யாழ்ப்பாணத்து நொத்தாரிசு யாராவது இந்நேரம் கதிரையை விட்டு எழும்பியிருப்பார். ஏனென்றால் இது அப்படியே நம்முடைய தேசவழமைச் சட்டம்! ஒல்லாந்தத் திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் எழுத்தில் தொகுத்த அதே தேசவழமை. காணி விற்பதென்றால் முதலில் உரித்தாளரையும் பங்காளியையும் கேட்க வேண்டும், அவர்கள் வேண்டாம் என்றால்தான் பிறத்தியாருக்கு. ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பாலிருந்த இசுரவேலருக்கும் வடமராட்சிப் பனங்காணிக்காரருக்கும் இதில் ஒரே புத்தி! 1947இல் இந்த முன்வாங்கும் உரிமைக்குத் தனிச் சட்டமே வந்தது. ஒற்றியும் அப்படித்தான். காணியின் விளைச்சலே வட்டி. முதலைக் கொண்டுபோய்க் கட்டினால் காணி மீளும். கட்டும்வரை வேலிக்கு வெளியே நின்று சொந்த மாமரத்தைப் பார்க்க வேண்டியதுதான். பவுல் மட்டும் வல்வெட்டித்துறையில் பிறந்திருந்தால் உதாரணத்துக்கு ரோமாபுரிச் சந்தைக்குப் போயிருக்கவே மாட்டார்.

இன்னொன்று கேளுங்கள், இது எனக்கே நம்பக் கஷ்டமாக இருந்தது. ஒல்லாந்தர் காலத்தில் காணி விற்பனையை எங்கே அறிவிப்பார்கள் தெரியுமா? தேவாலயத்தில்! கொமாண்டர் புளோம் போட்ட கட்டளை அது. விற்பவர் சேர்ந்த கோயிலில் தொடர்ந்து மூன்று ஞாயிற்றுக்கிழமை சொல்ல வேண்டும், அதற்குள் உரிமையுள்ளவர் முன்வர வேண்டும். தேசவழமையிலேயே எழுதிக் கிடக்கிறது. உலகத்தின் பாவக் கடன் தீர்ந்த செய்தியும் பக்கத்து வீட்டுக்காரன் வளவு விலைப்படுகிற செய்தியும் ஒரே கூரைக்குக் கீழே, ஒரே ஞாயிற்றுக்கிழமை! எந்தச் செய்திக்குச் சனம் காதைக் கூர்மையாக்கியிருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அந்தக் கோயில்களில் ஒன்று வல்வெட்டித்துறைக்குக் கிழக்கே பருத்தித்துறையில். அங்கே ஒரு புளியமரம் நின்றது. 1658இல் ஒல்லாந்தப் படையோடு யாழ்ப்பாணம் வந்த பிலிப்பஸ் பால்தேயுஸ் என்ற போதகர், டெல்ப்ட் நகரத்துக்காரர், அந்தப் புளிய நிழலில் நின்று பிரசங்கம் செய்தார். மரம் இன்று இல்லை, நினைவுக்கல் இருக்கிறது. அவர் எழுதிய தடித்த புத்தகம் 1672இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சானபோது அதில் தமிழ் எழுத்துகளும் தமிழில் கர்த்தரின் செபமும் இருந்தன! 'கிருபை மட்டும், விசுவாசம் மட்டும்' என்று அடித்துச் சொல்லும் சீர்திருத்தச் சபைக் கோட்பாடு வடமராட்சி மணலில் கால் வைத்தது அவரோடுதான். (பருத்தித்துறைக்கு ஆங்கிலத்தில் இருக்கும் பெயரில் 'பெட்ரோ' வருவதால் பேதுருவின் ஊர் என்று நினைத்திருந்தீர்களா? போர்த்துக்கேயர் வைத்தது 'பாறை முனை' என்ற பெயர். ஆனால் பேதுரு என்ற பெயருக்கும் பாறை என்றுதான் அர்த்தம்! சுற்றிச் சுற்றி அங்கேயே வந்துவிட்டோம்.)

இப்போது ஒரு வேடிக்கை. கிருபை இலவசம் என்று பிரசங்கித்த ஒல்லாந்தக் கம்பனி, அரச உத்தியோகத்துக்கும் கல்யாணப் பதிவுக்கும் சொத்துரிமைக்கும் ஞானஸ்நானத்தைக் கேட்டது! சனம் என்ன செய்யும்? தோம்பு ஏட்டில் கிறிஸ்தவப் பெயர், வீட்டில் திருநீறு. ஒல்லாந்தர் 1795இல் போனதும், கட்டாயம் விட்டதும், ஏட்டிலிருந்த ஆயிரக்கணக்கான கிறிஸ்தவர்கள் காற்றில் கரைந்தார்கள். விலை கேட்டு விற்ற இலவசம் அப்படித்தான் போகும். கத்தோலிக்கரோ எதிர்த் திசையில்! அவர்களுக்கு ஒல்லாந்தர் தடை போட்டிருந்தார்கள். 1687இல் கோவாவிலிருந்து பிச்சைக்காரக் கோலத்தில் யாழ்ப்பாணத்துக்குள் நுழைந்தார் யோசேப் வாஸ் என்ற குரு. இரவோடு இரவாக வீடு வீடாகப் பூசை. தண்டனைக்குப் பயப்படாமல் வந்த அந்தச் சனம் நிலைத்தது. 2015இல் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்புக்கே வந்து அந்தப் பிச்சைக்காரரைப் புனிதராக்கினார்.

அடிமைச் சந்தை உதாரணம் ரோமாபுரியோடு முடிந்தது என்று நினைக்கிறீர்களா? இல்லை ஐயா. யாழ்ப்பாணத்தில் அடிமைகள் இருந்தார்கள், தேசவழமையில் அவர்களுக்குத் தனிப் பகுதியே உண்டு. 1821இல் ஆங்கிலேய அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. கோவியர், நளவர், பள்ளர் அடிமைகளுக்குப் பிறக்கும் பெண் குழந்தைகளைப் பிறந்த உடனேயே அரசே விலை கொடுத்து வாங்கி விடுதலை செய்யும்! தாய் அடிமையென்றால் பிள்ளை அடிமை என்ற சங்கிலியைப் பெண் பிள்ளையில் வைத்து வெட்டினார்கள். தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்கு யாரோ காசு கட்டுகிறார்கள், குழந்தைக்கு ஒன்றும் தெரியாது, அது சம்பாதித்ததும் இல்லை. 'லுத்ரோன்' என்ற சொல்லுக்கு இதைவிட நேரான விளக்கம் எந்த வேத அகராதியிலும் கிடைக்காது. ஆனால் விலையை வாங்கியவன் யார் என்று பாருங்கள். எசமான்! பட்டவளுக்கு ஒரு சதமும் இல்லை. இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி ஒழிய 1844 ஆனது. சாதி ஒழிந்ததா என்று கேட்காதீர்கள், கோயில் வாசலில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று அதற்குப் பிறகும் நூறு வருஷம் சண்டை நடந்தது.

கடலோடிகளே, அடுத்தது உங்களுக்கு. 'அமேசிங் கிரேஸ்' பாட்டு கேட்டிருப்பீர்கள். அதை எழுதியவர் கவிஞரா, துறவியா? அடிமைக் கப்பல் தலைவர்! ஜோன் நியூட்டன். 1748 மார்ச்சில் வட அத்திலாந்திக்கில் 'கிரேஹவுண்ட்' கப்பல் புயலில் உடைந்து தண்ணீர் ஏறியது. மணிக்கணக்காகத் தண்ணீர் இறைத்துக் களைத்து, சுக்கானில் போய் நின்றபோது தன் பாவமெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது அந்த மனுஷனுக்கு. கப்பல் கரை சேர்ந்தது. ஆள் உடனே திருந்தினாரா? அதுதான் இல்லை! அதற்குப் பிறகுதான் அடிமைக் கப்பலுக்குத் தலைவரே ஆனார். 1754 வரை அதே தொழில். பாட்டு 1773 புத்தாண்டுக்கு எழுதியது. அடிமை வியாபாரத்தை எதிர்த்துப் பகிரங்கமாக எழுதியது 1788இல், புயலுக்கு நாற்பது வருஷம் கழித்து! கிருபை வந்த வேகம் ஒன்று, அது புத்தியில் உறைத்த வேகம் வேறு.

நியூட்டனுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? இனித்தான் இருக்கிறது. ஸ்கொட்லாந்தில் கிளோடியஸ் புக்கானன் என்று ஓர் இளைஞன். ஐரோப்பாவை வயலின் வாசித்தபடி சுற்றிவரப் போகிறேன் என்ற யோசனையோடு வீட்டில் பொய் சொல்லிவிட்டுக் கிளம்பி, இலண்டனில் எழுதுவினைஞனாகக் காய்ந்துகொண்டு கிடந்தான். 1791இல் மனம் குழம்பி ஒரு வயதான போதகருக்குக் கடிதம் எழுதினான். அந்தப் போதகர் நியூட்டன்! அவர் கையைப் பிடித்துத் தூக்கிவிட்ட புக்கானன் குருவாகி இந்தியா வந்து, 1806இல் யாழ்ப்பாணத்துக்கே வந்து இறங்கினார். வந்து பார்த்தால் ஒல்லாந்தர் கட்டிய பெரிய கோயில்கள் பாழடைந்து கிடக்கின்றன, தாங்கி நிற்பவர் தரங்கம்பாடியிலிருந்து வந்த கிறிஸ்தியன் டேவிட் என்ற ஒரு தமிழர். புக்கானன் ஊர் திரும்பி 1809இல் 'கிழக்கில் ஒரு நட்சத்திரம்' என்று ஒரு பிரசங்கம் செய்தார். அதை அமெரிக்காவில் ஒரு மாணவர் வாசித்தார், அடோனிராம் ஜட்சன். பற்றிக்கொண்டது! அமெரிக்காவின் முதல் வெளிநாட்டு மிஷனரிக் கூட்டம் கப்பலேறியது. ஜட்சன் போய்ச் சேர்ந்தது இரங்கூன், வல்வெட்டித்துறைக் கப்பல்கள் பிற்காலத்தில் தேக்கும் அரிசியும் ஏற்றப் போன அதே பர்மா. கூட வந்த சாமுவேல் நியூவெல் குழந்தையைக் கடலிலும் பத்தொன்பது வயது மனைவியை மொரீசியசிலும் பறிகொடுத்துவிட்டுத் தனி ஆளாக 1813இல் இலங்கையில் இறங்கினார். அமெரிக்க மிஷன் யாழ்ப்பாணத்துக்கு வந்த பாதை இது. முன்னாள் அடிமைக் கப்பல் மாலுமிக்கு வந்த ஒரு கடிதத்திலிருந்து!

வல்வெட்டித்துறையில் 'அ.மி.த.க. பாடசாலை' என்ற பலகையைப் பார்த்தவர்கள், அந்த 'அ.மி.' என்ன என்று யோசித்ததுண்டா? அமெரிக்கன் மிஷன்! முத்துமாரியம்மனும் வைத்தீசுவரனும் ஆளுகிற ஊருக்குள் அமெரிக்காவின் முதலெழுத்து. தெற்கே உடுப்பிட்டியில் 1852இலிருந்தே அமெரிக்கன் மிஷன் கல்லூரி. கிழக்கே பருத்தித்துறையில் வெஸ்லியன் மிஷன் 1838இல் தொடங்கிய பள்ளி, இன்றைய ஹாட்லிக் கல்லூரி. இரண்டுக்கும் பக்கத்தில் நம் ஊர். இந்த இரண்டு மிஷனுக்கும் கிருபையைப் பற்றியே ஒரு பழைய வழக்கு இருந்தது தெரியுமா?

அமெரிக்கர் சீர்திருத்தவாதி கல்வினின் வழி. தேவன் யாரை மீட்கத் தீர்மானித்தாரோ அவரை மீட்டே தீருவார், கிருபையை யாராலும் தள்ள முடியாது. வெஸ்லியின் ஆட்கள் அதை ஒத்துக்கொள்ளவில்லை. கிருபை எல்லாருக்கும் உண்டு, ஆனால் நீட்டிய கையைத் தட்டிவிட மனிதனுக்கு முடியும் என்றார்கள். வெஸ்லிக்கு முன்பே நெதர்லாந்தில் டோர்ட் நகரத்து மாநாடு இந்த வழக்குக்குத் தீர்ப்பு எழுதிய வருஷம் 1619. யாழ்ப்பாண இராச்சியம் பறங்கியிடம் விழுந்த அதே 1619!

இது எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதல்லவா? சீரங்கத்தில் கேட்டது! வைணவருக்குள் வடகலையார் குரங்குக் குட்டி என்றார்கள், குட்டி தாயைப் பற்றிப் பிடிக்க வேண்டும். தென்கலையார் பூனைக் குட்டி என்றார்கள், தாயே கவ்விக்கொண்டு போகும். உடுப்பிட்டியில் பூனை, பருத்தித்துறையில் குரங்கு என்று சொன்னால் இரண்டு பக்கத்துப் பாதிரிமாரும் கோபிப்பார்கள், ஆனால் மாணவர்களுக்குப் பரீட்சைக்கு ஞாபகம் நிற்கும். யப்பானில் இன்னும் பெரிய கூத்து. அமிதா புத்தரின் பெயரை நம்பினாலே போதும் என்று சொன்ன புத்த சமயத்தாரைப் பார்த்த இயேசு சபைப் பாதிரி வலிஞ்ஞானோ, 'விசுவாசம் மட்டும்' என்ற லூத்தரின் கோட்பாட்டைப் பிசாசு இவர்களுக்கும் கொடுத்துவிட்டானே என்று தலையில் கைவைத்தார்!

வெஸ்லிக்கும் ஒரு புயல் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் கடற்கரை ஊரில் என்னை மன்னிக்க மாட்டார்கள். 1736இல் அமெரிக்காவுக்குப் போகும் கப்பலில் பாய் கிழிந்து தண்ணீர் தளத்தில் கொட்டியது. குருவானவர் வெஸ்லி நடுங்குகிறார், கூட வந்த மொராவியக் குடும்பங்கள் பெண்டு பிள்ளைகளோடு பாடிக்கொண்டே இருக்கின்றன. பயமில்லையா என்று கேட்டாராம், இல்லை என்றார்களாம். இரண்டு வருஷம் கழித்து 1738 மே 24 மாலை, இலண்டனில் ஒரு சின்னக் கூட்டத்தில் லூத்தர் எழுதிய உரோமர் நிருபத்து முன்னுரையை யாரோ வாசிக்க, அந்தப் பயம் விட்டுப்போனது. முன்னுரை வாசித்து மாறினவர் இவர், நாமெல்லாம் புரட்டித் தள்ளிவிட்டுப் போகிறோம்.

பருத்தித்துறைப் பள்ளியைத் தொடங்கிய பீற்றர் பேர்சிவல் பாதிரியார், விவிலியத்தைத் தமிழாக்க யாரை வைத்துக்கொண்டார் என்று கேட்டால் மயங்கி விழுவீர்கள். நல்லூர் ஆறுமுக நாவலரை! அப்போது நாவலருக்கு இருபது சொச்ச வயது. கிருபையையும் விசுவாசத்தையும் பற்றிப் பவுல் எழுதியதற்குத் தமிழ் வசனம் திருத்தியவர் நெற்றி நிறையத் திருநீறு பூசியவர். 1850இல் அந்த மொழிபெயர்ப்பு அச்சானது, நான்கு வருஷத்தில் நாவலரின் 'சைவ தூஷண பரிகாரம்' வந்தது. உங்கள் பழைய ஏற்பாட்டில் தூபமும் தீபமும் நைவேத்தியமும் இல்லையா என்று அதிகாரம் அதிகாரமாகக் கேட்டார். ஆள் விவிலியத்தையே படித்துத் திருத்தியவர் ஆயிற்றே, பதில் சொல்லிப் பாருங்கள்!

எதிர்ப்பக்கத்தில் நடந்ததும் குறைச்சலில்லை. வட்டுக்கோட்டைச் செமினரியின் அதிபராக இருந்த அமெரிக்கப் பாதிரி ஹொய்சிங்டன் உட்கார்ந்து சிவஞான போதத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார், 1854இல் அமெரிக்கக் கீழைத்தேயச் சங்கத்தின் இதழில் வந்தது. அதில் எட்டாம் சூத்திரத்துக்கு அவர் வந்தபோது என்ன நினைத்திருப்பார் என்று எனக்கு ஆசையாக இருக்கிறது. அரசன் மகன் வேடருக்குள் வளர்கிறான், தான் யாரென்றே மறந்துபோகிறான். குருவாக வரும் இறைவன் 'நீ என் பிள்ளை' என்று உணர்த்த, அவன் வேடரை விட்டு அரசனின் தாள் சேர்கிறான். பாதிரியார் நெஞ்சில் லூக்காவின் ஊதாரி மகன் வந்து நின்றிருக்க மாட்டானா? பன்றி மேய்த்தவன் திரும்பி வர, தூரத்திலேயே கண்டு ஓடிப்போன தகப்பன்? வித்தியாசமும் இருக்கிறது, அதை மழுப்பக் கூடாது. வேடரிடம் வளர்ந்த மகன் மறந்தான், ஊதாரி மகன் கடன் பட்டான். ஒருவனுக்கு வேண்டியது அறிவு, மற்றவனுக்கு வேண்டியது அடைவுத் தொகை.

சொற்களும் சும்மா கிடக்கவில்லை. புரட்டஸ்தாந்துத் தமிழில் கிருபை, இரட்சிப்பு, விசுவாசம். கத்தோலிக்கரும் புரட்டஸ்தாந்தரும் சேர்ந்து செய்து 1995இல் வெளியான பொது மொழிபெயர்ப்பில் அருள், மீட்பு, நம்பிக்கை. அருளைக் கேட்டால் சைவ வீட்டுப் பாட்டிக்கும் விளங்கும், விசுவாசத்தைக் கேட்டால் பேரனுக்கு நாய்தான் ஞாபகம் வரும்! ஆனால் அறுபது வருஷம் 'கிருபை' என்று செபித்த வாய்க்கு 'அருள்' உப்பில்லாத கஞ்சிபோல இருக்கிறதாம்.

ஐரோப்பாவில் தொடங்கிய அந்த வழக்கு என்ன ஆனது? 1517 அக்டோபர் 31இல் பாவத் தண்டனைக் குறைப்புச் சீட்டு விற்பனையை எதிர்த்து லூத்தர் கிளப்பியது. மீட்புக்கு ரசீதா என்று கேட்டார். 482 வருஷம் கழித்து, அதே அக்டோபர் 31, 1999இல் ஆக்ஸ்பேர்க் நகரத்தில் கத்தோலிக்கரும் லூத்தரன் சபையாரும் ஒரே தாளில் கையெழுத்திட்டார்கள். கிருபையால்தான், நம் புண்ணியத்தால் அல்ல என்று! 2006இல் வெஸ்லியின் வழிவந்த மெதடிஸ்தரும் சேர்ந்துகொண்டார்கள். ஆக, சட்டப்படி பார்த்தால் பருத்தித்துறை மெதடிஸ்தருக்கும் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்க ஆயருக்கும் இதில் சண்டையே இல்லை. எத்தனை பேருக்குத் தெரியும்?

கடைசியாகக் கப்பல் கதை. 1815 அக்டோபர் 23, மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நியூபரிபோர்ட் துறைமுகம். 'டிரையட்' என்ற இரண்டு பாய்மரக் கப்பல் ஐந்து மிஷனரிகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டு, அடுத்த மார்ச்சில் கொழும்பு வந்தது. அமெரிக்கன் மிஷன் யாழ்ப்பாணத்தில் வேரூன்றியது அவர்களால்தான். இனி 1937. வல்வெட்டித்துறைத் தச்சர்கள் வேம்பில் கட்டிய 89 அடிக் கப்பல் 'அன்னபூரணி அம்மாள்', அதுவும் இரண்டு பாய்மரம். றொபின்சன் என்ற அமெரிக்கர் அதை வாங்கி மனைவியின் பெயரைச் சூட்டினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் அதை அத்திலாந்திக் தாண்டி ஓட்டிப்போனார்கள். 1938 ஓகஸ்டில் போய்ச் சேர்ந்த இடம் குளோஸ்டர். எங்கே இருக்கிறது? அதே மாசசூசெட்ஸ், அதே கரை, நியூபரிபோர்ட்டிலிருந்து காரில் ஒரு மணி நேரம்கூட இல்லை! அங்கிருந்து கிருபையை ஏற்றி ஒரு கப்பல் வந்தது. நூற்றிருபத்திரண்டு வருஷம் கழித்து இங்கிருந்து அன்னபூரணியை ஏற்றி ஒரு கப்பல் போனது!

குளோஸ்டரில் மீனவர் கோயில் ஒன்று உண்டு, அங்கே குடியேறிய போர்த்துக்கேயர் கட்டியது. இரண்டு நீலக் கோபுரங்கள். நடுவே துறைமுகத்தைப் பார்த்தபடி மாதா நிற்கிறாள், நல்ல பயணத்தின் மாதா. அவள் இடது கையில் குழந்தை இயேசு இருக்க வேண்டிய இடத்தில் என்ன இருக்கிறது தெரியுமா?

ஒரு பாய்க்கப்பல்.